மணியோசை வரும் முன்னே

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பது தமிழர் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. யானையின் கழுத்தில் மணி கட்டியவன் அழகுக்காக மட்டும் அதனைக் கட்டினான் அல்லன். தெருவில் விளையாடும் குழந்தையும், தலைச்சுமையோடு வரும் மூதாட்டியும் ஓசை கேட்டு ஒதுங்குவதற்குச் சிறிது நேரம் வேண்டும். அந்த நேரத்தை அளிப்பதே மணியின் தொழில். யானையோடு ஒருங்கே வரும் ஓசையால் பயனில்லை. யானை வாராதபோதெல்லாம் வரும் ஓசையாலும் பயனில்லை. இவ்விரு குற்றமும் நீங்கிய மணியே மணி எனப்படும். எளிய இவ்வுண்மையின் மேல்தான் இன்றைய பெருந்தொழிற்சாலைகளில் பணிபுரிவோர் உயிரும், அவற்றைச் சூழ்ந்து வாழ்வோர் உயிரும் தங்கியுள்ளன என்றால் அது மிகையாகாது.

மலாக்கா மாநிலத் தமிழர்க்கு மணியின் அருமை புதியதன்று. 1896ஆம் ஆண்டில் டான் சாய் யான் என்னும் மலாக்காப் பெருமகன் புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கர் நிலத்தில் ரப்பர்க் கன்றுகளை நட்டார். பின்னர் அம்முயற்சி புக்கிட் அசகானில் 3,000 ஏக்கர்த் தோட்டமாக விரிந்தது. மலாயாவின் வணிக ரப்பர்த் தோட்டங்களுக்கு அதுவே தோற்றுவாய். அதனைத் தொடர்ந்து ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகின. தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பங்கள் அவற்றின் லயங்களில் குடியேறின. அக்குடும்பங்களின் பகற்பொழுது ஓசைகளால் அளக்கப்பட்டது. இருள் விலகுமுன் ஒலிக்கும் மணி உறங்குவோரை எழுப்பும். அடுத்த மணி பெரட்டுக்களத்திற்கு அழைக்கும். வெட்டு முடித்துப் பால் எடுக்கும் நேரத்தையும் ஓர் ஓசையே உணர்த்தும். கடிகாரம் இல்லாத வீட்டிலும் காலம் தவறியதில்லை.

அவ்வோசைகளுக்கு மூன்று பண்புகள் இருந்தன. ஒவ்வோர் ஓசைக்கும் ஒரே பொருள் இருந்தது. ஒவ்வோர் ஓசையைக் கேட்டதும் செய்ய வேண்டிய செயல் ஒன்றும், அதனைச் செய்ய வேண்டியவர் இன்னார் என்பதும் வரையறுக்கப்பட்டிருந்தன. மேலும், மணி வீணே ஒலித்ததில்லை. அதனாற்றான், காலமல்லாக் காலத்தில் மணி ஒலித்தால் லயத்திலுள்ளோர் காரணம் கேட்டு நில்லாமல் வாளியும் கையுமாக வெளியே ஓடிவந்தனர். ஓசையின் மேல் அவர்கள் வைத்த நம்பிக்கையே அவர்களை எழுப்பியது. வெறும் உலோகத்தின் ஒலி மட்டும் எழுப்பவில்லை.

காலம் மாறியது. ரப்பர் மரங்கள் நின்ற இடங்களிற் பலவற்றில் செம்பனை நின்றது. பால் கொட்டகைகள் மறைந்தன. சுங்கை ஊடாங்கை அடுத்த கடற்கரையில் பெட்ரோனாஸ் நிறுவனத்தின் எண்ணெய்ச் சுத்திகரிப்பாலை எழுந்தது. அதன் முதற்பகுதி 1994இல் இயங்கத் தொடங்கிற்று. மலாக்கா மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டில் நிறுவப்பெற்று, டுரியான் துங்காலில் தன் தலைமை வளாகத்தை அமைத்துக்கொண்டது. மெர்லிமாவில் பாலிடெக்னிக் ஒன்றும் தோன்றியது. லயத்திலே பிறந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இத்தகைய கல்விக்கூடங்களின் வழியே கட்டுப்பாட்டறைகளுக்குச் சென்று அமர்ந்தனர். பாட்டன் மணியோசைக்குச் செவி சாய்த்தான். பேரனோ மணி எப்போது ஒலிக்க வேண்டும் என்று கணிப்பொறிக்குக் கற்பிக்கும் இடத்தில் இருக்கின்றான். பெருமைக்குரிய இவ்வேற்றத்தில் பெரும் பொறுப்பும் அடங்கியிருக்கின்றது.

கட்டுப்பாட்டறையில் நிகழ்வது யாது? ஆலையின் குழாய்களிலும் கலன்களிலும் நூற்றுக்கணக்கான, சில இடங்களில் ஆயிரக்கணக்கான உணரிகள் பொருத்தப்பட்டிருக்கும். அவை வெப்பம், அழுத்தம், நீர்மட்டம், ஓட்டம் ஆகியவற்றை இடையறாது அளந்து கணிப்பொறிக்கு அனுப்பும். ஒவ்வோர் அளவிற்கும் மேலெல்லை, கீழெல்லை ஆகியவற்றைப் பொறியாளர் மென்பொருளில் பதிந்து வைப்பர். எல்லை கடந்தால் ஒலி எழும். திரையில் ஒரு வரி நிறம் மாறி மின்னும். பணியாளர் அதனைக் கண்டுகொண்டதற்கு அடையாளமாகப் பொத்தானை அழுத்துவார். ஒலி நிற்கும், ஆயினும் குறை நீங்கும்வரை அவ்வரி திரையை விட்டு அகலாது. நிகழ்ந்த நேரமும், கண்ட நேரமும், சீரான நேரமும் பதிவேட்டில் ஏறும். இதுவே அலாரக் கண்காணிப்பு எனப்படுவது.

முற்காலத்தில் ஓர் அலாரத்தை அமைப்பது எளிதன்று. தனிக்கம்பி இழுத்து, சுவரிலுள்ள பலகையில் இடம் தேடி, விளக்கொன்று பொருத்தி, அதன்மேல் பெயர் பொறிக்க வேண்டும். பலகையில் இடம் குறைவு, செலவோ மிகுதி. ஆதலின், இன்றியமையாதவை எவை என்று பலமுறை எண்ணிப் பார்த்த பின்னரே அலாரம் வைத்தனர். 1975ஆம் ஆண்டில் ஹனிவெல், யோகோகாவா ஆகிய நிறுவனங்கள் கணிப்பொறிவழிப் பரவல் கட்டுப்பாட்டு முறைகளை வெளியிட்டபின் நிலைமை மாறிற்று. புதிய அலாரம் வேண்டுமெனில் விசைப்பலகையில் ஓர் எண்ணைத் தட்டினாற் போதும். செலவில்லை என்றானபின் அளவும் இல்லை என்றாயிற்று. இருக்கட்டுமே என்று ஒருவர் ஒன்றை வைத்தார்; எதற்கும் இருக்கட்டும் என்று மற்றொருவர் பத்து வைத்தார். பாதுகாப்பைக் கருதிச் சேர்க்கப்பட்ட ஓசைகளே, ஒன்றாய்ச் சேர்ந்தபோது பாதுகாப்பின் பகையாயின.

1979ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள் விடியற்காலையில் அமெரிக்காவின் திரீ மைல் தீவு அணுமின் நிலையத்தில் நிகழ்ந்தது இதற்குச் சான்று. விபத்தின் முதற் சில நிமிடங்களிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட அலாரங்கள் ஒலித்தன. எது முதன்மையானது என்று பிரித்தறியும் வழி அங்கில்லை. அலாரங்களை அச்சிட்ட பொறியோ நிகழ்வுகளுக்கு ஈடுகொடுக்க இயலாமல் மணிக்கணக்கில் பின்தங்கியது. அதனினும் கொடியது வேறொன்று. திறந்தே நின்ற ஒரு வால்வு மூடியிருப்பதாகப் பலகையின் விளக்கு பணியாளரை எண்ணச் செய்தது. மூடுக என்ற ஆணை சென்றதையே அவ்விளக்கு காட்டிற்று. வால்வு உண்மையில் மூடியதா என்பதை அது காட்டவில்லை. ஆணை வேறு, நிறைவேற்றம் வேறு என்பதை ஆசிரியர் எவரும் அறிவர். வீட்டுப்பாடம் கொடுத்ததாலேயே அது செய்யப்பட்டதாகி விடுமா?

1994ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள் வேல்ஸ் நாட்டு மில்ஃபோர்டு ஹேவனில் அமைந்த டெக்சாக்கோ சுத்திகரிப்பாலையில் வெடிப்பு நேர்ந்தது. அன்று காலை இடியுடன் கூடிய மழையால் ஆலையின் இயக்கம் நிலைகுலைந்தது. பின்னர்ச் சீர்செய்ய முயன்றபோது ஒரு வால்வு மூடிய நிலையிலேயே சிக்கிக்கொள்ள, திரையோ அது திறந்திருப்பதாகக் காட்டியது. உள்ளே சென்ற நீர்மம் வெளியேற வழியின்றி நிரம்பியது. ஏறத்தாழ 20 டன் எரிபொருள் வெளிப்பட்டுத் தீப்பற்றிற்று. ஞாயிற்றுக்கிழமையாதலின் ஆலையில் ஆட்கள் குறைவாக இருந்தனர். 26 பேர் காயமுற்றனர். வெடிப்பிற்கு முந்தைய 10.7 நிமிடங்களில் 275 அலாரங்கள் எழுந்தன என்று பின்னர் நடந்த அரசு ஆய்வு கண்டது. இரண்டரை நொடிக்கும் குறைவான இடைவெளியில் ஓர் அலாரம்! ஒரு வரியைப் படிப்பதற்குள் அடுத்த இரண்டு வந்துவிடும் நிலையில், எந்த மனிதனால் எதைப் புரிந்துகொள்ள இயலும்? அங்கே பணியாளர்கள் செய்துகொண்டிருந்த வேலை ஒன்றே ஒன்று. அது ஓசையை நிறுத்துவது.

ஓசை மிகுதியால் வந்த கேடு இது. ஓசையை அடக்கியதால் வந்த கேட்டிற்கு போபால் சான்றாக நிற்கிறது. 1984ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் இரவு, யூனியன் கார்பைடு பூச்சிமருந்து ஆலையில் 610 என்னும் எண்ணுடைய தொட்டியில் 40 டன்னுக்கும் மேற்பட்ட மெத்தில் ஐசோசயனேட்டு இருந்தது. குளிர்ச்சியாக வைக்கப்பட வேண்டிய பொருள் அது. குளிரூட்டும் பொறியோ பல மாதங்களாக நிறுத்தப்பட்டிருந்தது. தொட்டி எப்போதுமே சூடாக இருந்தமையால் வெப்ப அலாரத்தின் எல்லை உயர்த்தப்பட்டிருந்தது; அது உரிய காலத்தில் ஒலிக்கவில்லை. அன்றிரவு தொட்டியின் அழுத்தம் இரண்டு ராத்தலிலிருந்து பத்து ராத்தலுக்கு ஏறியதை முள் காட்டியது. வழக்கமான ஏற்ற இறக்கம் என்று அது கருதப்பட்டது. நச்சுவாயு கசிவதைத் தொழிலாளர்க்கு முதலில் உணர்த்தியது அவர்தம் கண்ணெரிச்சலே. ஊரை எழுப்ப வேண்டிய சங்கு சற்றே ஒலித்து நிறுத்தப்பட்டது. அது மீண்டும் முழங்கியபோது பின்னிரவாகி விட்டது. மக்கள் ஏற்கெனவே தெருக்களில் விழுந்துகொண்டிருந்தனர். மாண்டோர் தொகையை அரசின் கணக்குகளே ஆயிரக்கணக்கில் கூறுகின்றன. ஆலை மதிலுக்கு வெளியே குடிசைகளில் உறங்கிய ஏழைகளே அவருள் பெரும்பாலோர். ஆலைகளை அடுத்த லயங்களில் வாழ்ந்து பழகிய இனத்தார் இச்செய்தியை வேற்றூர்ச் செய்தியாகப் படித்துக் கடந்துவிட முடியாது.

இத்தகைய படிப்பினைகளிலிருந்தே நெறிகள் பிறந்தன. பிரிட்டனில் பொறியியற் பயனீட்டாளர் கழகமொன்று 1999இல் அலார அமைப்புக்கான கையேட்டை வெளியிட்டது. அமெரிக்கத் தரநெறி 2009இலும், அனைத்துலகத் தரநெறி 2014இலும் தொடர்ந்தன. இவற்றின் சாரம் வியப்பூட்டுமளவு எளியது. பணியாளர் உடனே ஏதேனும் செய்ய வேண்டியிருந்தால் மட்டுமே அலாரம் வேண்டும். செய்வதற்கு ஒன்றுமில்லையெனில் அது செய்தி, அலாரம் அன்று. இயல்பான நேரத்தில் ஒரு பணியாளருக்குப் பத்து நிமிடத்திற்கு ஒன்று, அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 என்பது ஏற்கத்தக்க அளவு. பத்து நிமிடத்தில் பத்துக்கு மேல் வந்தால் அது வெள்ளம். அலாரங்களை முதன்மைப்படி பிரிக்கும்போது ஏறத்தாழ 80 விழுக்காடு தாழ்ந்த வரிசையிலும், 15 விழுக்காடு இடைவரிசையிலும், 5 விழுக்காடு மட்டுமே உயர்ந்த வரிசையிலும் அமைதல் நன்று. எல்லாம் அவசரம் என்றால் எதுவுமே அவசரம் அன்று என்பதே இப்பகுப்பின் கருத்து.

இந்நெறிகளைச் செயற்படுத்தும் முறையை மலாக்காவிலும் ஏனைய மாநிலங்களிலும் காணும் செம்பனை எண்ணெய் ஆலையைக் கொண்டு விளக்கலாம். அங்கே பழக்குலைகளை ஏறத்தாழ 3 பார் அழுத்த நீராவியில் வேகவைப்பர். அந்நீராவியை அளிப்பது கொதிகலன். பழத்தின் நாரும் கொட்டையின் ஓடுமே அதற்கு விறகு. கொதிகலனில் நீர் குறைந்தால் குழாய்கள் பழுக்கக் காய்ந்து வெடிக்கும் நிலை வரும். எனவேதான் அதனை இயக்குவோர் அரசுச் சான்றிதழ் பெற்றிருத்தல் வேண்டும் என மலேசியச் சட்டம் விதிக்கின்றது. இக்கொதிகலனின் நீர்மட்டத்திற்கு அலாரம் வைக்க வேண்டும். எந்த அளவில் வைப்பது?

கணக்காசிரியரும் வகுப்பில் கொடுக்கத்தக்க கணக்கு இது. நீர்மட்டம் இயல்பாக 50 விழுக்காட்டில் நிற்பதாகக் கொள்வோம். 15 விழுக்காட்டிற்கு இறங்கினால் தானியங்குக் காப்பு காற்றாடிகளை நிறுத்தி எரிப்பைத் தணித்துவிடும். நீரூட்டும் பம்பு நின்றால் மட்டம் நிமிடத்திற்கு 5 விழுக்காடு இறங்கும் எனவும் கொள்வோம். பணியாளர் ஓசையைக் கேட்டு, திரையைப் பார்த்து, காரணத்தை உணர்ந்து, ஆள் அனுப்பி மாற்றுப் பம்பை இயக்க 4 நிமிடம் ஆகும். நான்கைந்து இருபது. ஆகவே, அலாரம் 35 விழுக்காட்டிற்குக் கீழே இருத்தல் கூடாது. ஒரு நிமிடம் கூடுதலாக அளித்தால் 40 விழுக்காடு பொருந்தும். அதனை 20 விழுக்காட்டில் வைத்தவன் பணியாளருக்கு அளித்தது ஒரே நிமிடம்; அது காப்பதற்குப் போதாது, காண்பதற்கு மட்டுமே போதும். 48 விழுக்காட்டில் வைத்தாலோ, நீரின் இயல்பான தளும்பலுக்கெல்லாம் மணி அடிக்கும். புலி வருது புலி வருது என்று கூவிய சிறுவனின் கதையே அங்கு நடக்கும்.

தளும்பலுக்கும் மருந்து உண்டு. 40இல் ஒலித்த அலாரம் 40.1இல் நின்று, 39.9இல் மீண்டும் ஒலித்தால் ஒரே குறை நூறு ஓசையாகப் பெருகும். ஆதலால், ஒலித்த அலாரம் நீர்மட்டம் 45ஐத் தொட்ட பின்னரே அடங்குமாறு ஓர் இடைவெளி விடப்படும். நீர்மட்டத்திற்கு 5 விழுக்காடு, அழுத்தத்திற்கு 2, வெப்பநிலைக்கு 1 என்பது தொடக்கத்தில் கொள்ளத்தக்க அளவாகும். சில நொடிகள் எல்லை கடந்த நிலை நீடித்தால் மட்டுமே ஒலிக்குமாறு காலத் தாழ்வும் அமைக்கலாம். ஆனால், விரைவாக வளரும் ஆபத்திற்குத் தாழ்வு வைப்பது பிழை. ஆலை ஓய்ந்திருக்கும் நாளில், நின்றுவிட்ட பொறியில் அழுத்தம் இல்லை என்று ஒலிக்கும் அலாரங்களை மென்பொருளே அடக்கிவைக்க வேண்டும். ஒரு பம்பு நின்றதால் பத்துக் குறைகள் எழுமாயின், முதற்காரணத்தை முன்னே காட்டி ஏனையவற்றைப் பின்னே நிறுத்த வேண்டும். பழுதான உணரியின் ஓசையைத் தற்காலிகமாக ஒதுக்கிவைக்கலாம். ஆயின் யார் ஒதுக்கினார், எதற்காக, எதுவரை என்பன எழுதப்பட வேண்டும். இல்லையேல் தற்காலிகம் நிரந்தரமாகிவிடும்.

தமிழாசிரியர்கள் கருத வேண்டிய கூறு ஒன்று உண்டு. அலாரம் என்பது முடிவில் ஒரு வாக்கியம். எண்ணும் குறியும் கலந்த ஒரு வரி திரையில் தோன்றி, இன்னது குறைந்தது என்று மட்டும் கூறினால், நள்ளிரவில் களைத்த கண்ணுக்கு அது புரியாது. எந்தக் கலனில், என்ன நிலை, என்ன செய்க என்ற மூன்றும் அதனோடு கிடைக்க வேண்டும். நீர் குறைந்தது என்பதும் நீர் கண்ணாடிக் குழாயில் காணாத அளவுக்கு இறங்கிவிட்டது என்பதும் ஒன்றல்ல. முதல் நிலையில் நீரூட்டுவது கடமை. இரண்டாம் நிலையில், காய்ந்து சிவந்த குழாய்களில் திடீரென நீரைச் செலுத்துவதே பேராபத்து. அங்கே எரிப்பை அடக்கி விலகுவதே முறை. ஒரு சொல்லின் வேறுபாட்டில் ஓர் உயிரின் வேறுபாடு அடங்கியிருக்கின்றது. சுருங்கச் சொல்லுதலும் விளங்க வைத்தலும் இலக்கண நூலோர் நூலின் அழகுகளாகக் கூறியவை. கட்டுப்பாட்டறைத் திரைக்கும் அவ்வழகுகளே வேண்டும். தெளிவாக எழுதக் கற்ற மாணவன் எம்மொழியில் எழுதினாலும் தெளிவாகவே எழுதுவான். அப்பயிற்சி தாய்மொழி வகுப்பிலேதான் தொடங்குகிறது.

அலாரத்தின் சிக்கலில் பாதி எண்ணில் இருக்கின்றது. மற்றப் பாதி மனத்தில் இருக்கின்றது. மனுநீதிச் சோழன் வாயிலில் ஆராய்ச்சி மணி தொங்கியது. அம்மணியின் பெருமை அதன் ஓசையில் இல்லை. அடித்தது ஒரு பசுவாயினும் அரசன் எழுந்து வந்தான் என்பதில் இருக்கின்றது. ஒலித்தும் ஒருவரும் வாராத மணி இருப்பதைவிட இல்லாதிருப்பதே மேல். அது பாதுகாப்பு இருப்பதாகப் பொய்யான அமைதியைத் தந்துவிடும். விபத்து நேர்ந்தபின், அலாரம் ஒலித்ததே, பணியாளன் ஏன் கவனிக்கவில்லை என்று கேட்பது எளிது. அவனுக்கு அன்று எத்தனை அலாரங்கள் வந்தன, அவற்றுள் எத்தனை பொய், அவற்றைக் குறைக்கும்படி அவன் கேட்டபோது யார் செவிசாய்த்தார் என்று கேட்பவர் சிலரே. கூலியும் பதவியும் குறைந்தவன்மேல் பழி இறங்குவது தோட்டத்துக்கும் புதிதன்று, தொழிற்சாலைக்கும் புதிதன்று. அலார எல்லைகளை முறையாக வகுப்பதும், ஒவ்வொரு மாற்றத்தையும் எழுதிவைப்பதும், மாதந்தோறும் மிகுதியாக ஒலித்த பத்தைக் கண்டு திருத்துவதும் அப்பணியாளனுக்குச் செய்யும் நீதியாகும். அவற்றைப் பணியாளனோடு அமர்ந்து செய்ய வேண்டும். எந்த ஓசை மெய், எந்த ஓசை பொய் என்பதை அவனே நன்கறிவான்.

வருமுன் காத்தலை அறிவுடைமையின் இலக்கணமாக வள்ளுவர் வைத்தார். அவ்வறிவைப் பிள்ளைகளிடம் வளர்க்கப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. பள்ளியில் தீத்தடுப்புப் பயிற்சிக்கு மணி அடிக்கும்போது, சிரித்துப் பேசிக்கொண்டு நடவாமல், ஒவ்வொருவரும் தத்தம் இடத்தில் நிற்கவும் தலைகளை எண்ணவும் பழகினாற் போதும். அப்பழக்கமுடைய பிள்ளை நாளை கட்டுப்பாட்டறையில் அமர்ந்து ஓர் எல்லையைப் பதியும்போது, இதனைக் கேட்பவர் யார், கேட்டபின் அவர் செய்ய வேண்டியது என்ன, அதற்கு அவருக்கு எத்தனை நிமிடம் இருக்கின்றது என்று தன்னையே கேட்டுக்கொள்ளும். வேலைமாறும் நேரத்தில், ஒதுக்கிவைத்த அலாரங்களை ஒன்றுவிடாமல் பதிவேட்டில் எழுதி, அடுத்து வருபவரிடம் வாய்மொழியாகவும் சொல்லி, அதன் பின்னரே வீடு திரும்பும்.